பின்வரிசைத் தமிழ்

அந்தப் படத்தில் முகம் நினைவில் தங்கும்படி வந்து போனவர்கள் பதினான்கு பேர். வெள்ளையர் ஆறு, கறுப்பர் நான்கு, சீனர் இரண்டு, மெக்சிகோக்காரி ஒருத்தி, இந்தியர் ஒருவர். எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் கிளப் ஹவுஸில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் நாற்பது பேர் இந்தியர்கள். மிச்சம் ஒருவர் நான் கூட்டிக்கொண்டு போனவர். அன்றைக்கு நடந்ததை இப்போது எங்கள் கட்டடத்தில் ஆளுக்கொரு கணக்காகச் சொல்கிறார்கள். கணக்கு தப்பாகப் போனால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் புனேயில் ஔந்துப் பகுதியில் இருக்கிறேன். கோபிசெட்டிபாளையத்துப் பக்கமிருந்து தணிக்கை வேலைக்காகப் புனேவுக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு மகன்களுக்கென்று நான்காவது மாடியில் எதிரெதிராக இரண்டு வீடு வாங்கினேன். பெரியவன் கனடாவில் இருக்கிறான். சின்னவன் ஊரின் மறுகோடியில், மகர்பட்டாவில், அலுவலகத்துக்கு நடந்தே போகிற தூரத்தில், வேறு வீடு பார்த்துக்கொண்டான். அங்கிருந்து ஔந்துக்கு வருவது கனடாவிலிருந்து வருவதைவிடக் கஷ்டம் என்பதுபோல் பேசுவான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆக, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஆள் ஒன்று.

போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பு பிசகி எழுந்திருக்க முடியவில்லை. வீட்டு வேலை செய்யும் அம்மாள் வந்து மணி அடிக்கும்வரை கத்திக்கொண்டே கிடந்தேன். என்னைக் காகா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் கீழ்மாடி மராட்டிக் குடும்பத்துக்கு என் குரல் கேட்டிருக்கிறது. “காகா தன் பாஷையில் ஏதோ பூஜை பண்ணுகிறார் என்று நினைத்தோம்” என்றார்கள். விழுந்தவன் மொழிபெயர்த்தா கத்துவான்? அன்றைக்கே முடிவு செய்தேன்: எதிர்வீட்டுக்கு வாடகைக்கு வருகிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும்.

புரோக்கரிடம் சொல்லி வைத்தேன். ஒருநாள் போனில் ஒரு குரல் வந்தது.

“ஏனுங்க, ஔந்துல வீடு இருக்குதுன்னு சொன்னாங்க. வந்து பாக்கலாமுங்களா?”

எங்கள் ஊர்ப் பேச்சு, அச்சு அசலாக. என் பேரன் தமிழில் தண்ணீர் கேட்பதற்குள் எனக்குத் தாகம் தீர்ந்துவிடும். இந்தக் குரலோ தங்குதடையில்லாமல் வந்தது. பொள்ளாச்சியா, உடுமலையா என்று கேட்டேன்.

“அதுக்கும் இன்னுங் கொஞ்சம் தள்ளிங்க” என்று சிரித்தது குரல்.

தான்சானியா. கதவைத் திறந்தபோது வாசல் நிலைக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கோயம்புத்தூரில் நான்கு வருஷம் கல்லூரியில் படித்தவர். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். விடுதியில் மெஸ்காரர், டவுன் பஸ் கண்டக்டர், கடைசி இரண்டு வருஷம் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் ஆகிய மூன்று பேரிடம் தமிழ் படித்ததாகச் சொன்னார். “அந்தம்மா திட்டற தமிழு தனிங்கய்யா. அதைக் கத்துக்கத்தான் நாளாச்சு.”

அவருடைய மனைவி ஊரிலிருந்து வருகிறாள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. புனே விடுதியில் தம்பதிகளுக்கு இடமில்லை. ஏற்கெனவே ஏழு வீடு பார்த்திருந்தார்.

“அஞ்சு வீட்டுல ஆளைப் பாத்ததும் வீடு போயிருச்சுன்னாங்க. ஒரு வீட்டுல நாயை அவுத்து உட்டாங்க. ஒரு வீட்டுல டீ குடுத்தாங்க. வீடு குடுக்கலைங்க.”

ஐந்து, ஒன்று, ஒன்று. கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. எட்டாவது என்னுடையது. எனக்குச் சம்மதம். ஆனால் புனேவில் வீடு வைத்திருக்கிறவனுடைய சம்மதம் பாதிச் சம்மதம்தான். ஆட்சேபம் இல்லை என்று சொசைட்டி என்.ஓ.சி. தர வேண்டும். அதைத் தருவது கமிட்டி. கமிட்டிக்குத் தலைவர் ஒரு தமிழர். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் போய்ப் பார்த்தேன்.

“ஆப்பிரிக்காவா?” என்றார். பிறகு, “சார், நான் ஒண்ணும் அப்படிப் பாக்கறவன் இல்ல. என் பிராஞ்ச்ல எல்லா ஜாதியும் வேலை பாத்திருக்காங்க. மத்தவங்க இருக்காங்களே சார், அதான் ப்ராப்ளம்” என்றார். அவருடைய மகள் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறாள். சொசைட்டியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘சமூகக் கருத்துள்ள’ படம் போட்டு, முடிந்ததும் எல்லாரையும் பேசச் சொல்வது அவள் கொண்டுவந்த பழக்கம். “இந்த சண்டே என்ன படம் தெரியுமா? ரேசிஸம் பத்தி! அவனையும் கூட்டிட்டு வாங்களேன். எல்லாரும் ஆளப் பாக்கட்டும். படம் முடிஞ்சதும் அங்கயே கமிட்டியக் கூட்டி முடிச்சிடலாம். ஒரு ஜஞ்சட், தொந்தரவு இல்ல.”

என்.ஓ.சி.க்கு முன்னால் சமோசாவும் சினிமாவும். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. ஏனென்றால் என்னிடம் ஒரு துருப்பு இருந்தது.

தமிழ்நாட்டிலேயே இருப்பவர்களுக்கு இது விளங்காது. இந்த ஊரில் “நீங்க தமிழா?” என்ற கேள்விக்கு ஒரு சக்தி உண்டு. ரேஷன் கார்டு ஆபீஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர் அந்தக் கேள்விக்குப் பிறகு நாற்காலி எடுத்துப் போட்டிருக்கிறார். என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது அந்தக் கேள்வியால். ரயிலில், கோயில் வரிசையில், காஸ் ஏஜென்சியில் என்று நானே பத்துப் பதினைந்து தடவை அதன் பலனை அனுபவித்திருக்கிறேன். எங்கள் சொசைட்டியில் தமிழ்க் குடும்பங்கள் ஆறு. ஒரு கறுப்பு இளைஞர் எழுந்து நின்று கோயம்புத்தூர்த் தமிழில் வணக்கம் சொன்னால் இந்த ஆறு குடும்பமும் உருகி ஓடிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

“தம்பி, படம் முடியற வரைக்கும் தமிழ்ல ஒரு வார்த்தை பேசாதீங்க. நான் சொல்றப்பப் பேசுனாப் போதும்.”

“முதல்லயே சொல்லிப்போட்டா நல்லதில்லீங்களா?”

“துருப்பை எடுத்த எடுப்புல எறக்குவாங்களா?”

அவருக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. கோயம்புத்தூரில் ஒருமுறை பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து இரண்டு பெண்கள் அவருடைய தலைமுடியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்களாம். இறங்கும்போது திரும்பி, “போயிட்டு வர்றனுங்க்கா” என்றாராம். “ஒரு அக்கா வெக்கப்பட்டு மூஞ்சிய மூடிக்கிச்சு. இன்னொரு அக்கா பைல இருந்து முறுக்கு எடுத்துக் குடுத்துச்சுங்க.”

இருவரும் முறுக்கை நினைத்துக்கொண்டு கிளப் ஹவுஸுக்குப் போனோம்.

ஞாயிறு பிற்பகல். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். மின்விசிறி நான்கில் ஒன்று ஓடவில்லை. அது எப்போதும் என் தலைக்கு மேல் இருப்பதுதான். பின்வரிசை தமிழர்களுடையது. சமோசா மேஜைக்குப் பக்கம் என்பதால் தொடக்கத்திலிருந்தே பிடித்து வைத்திருக்கிறார்கள். பதின்மூன்று பேர். தலைவரின் மகள் மட்டும் முன்னால் புரொஜெக்டரோடு நின்றாள். நானும் இளைஞரும் பின்வரிசைக்கு நேர் முன்னால் உட்கார்ந்தோம். அவர் திரும்பி எல்லாருக்கும் கைகூப்பினார். சிலர் பதிலுக்குக் கூப்பினார்கள். தலைவரின் மனைவி கையில் தட்டு இருந்ததால் தலையை மட்டும் அசைத்தார்.

படத்தில் ஒரு அமெரிக்க நகரத்தின் பெரிய பாலம் விரிசல் விட்டு மூடப்படுகிறது. அவரவர் தெருவோடு இருந்தவர்கள் இனி அடுத்தவர் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் கதை. மற்றதெல்லாம் அந்தத் தெருக்களில் தானாக நடக்கிறது.

எங்களுக்குப் பின்னாலும் தானாக நடந்தது. வெளியூரில் வாழும் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. லிஃப்டில், கடையில், பக்கத்தில் நிற்கிறவனைப் பற்றி அவன் காதுக்கு நேராகவே பேசலாம். குரலைக்கூடத் தாழ்த்த வேண்டாம். நாற்பது வருஷமாக நானும் அந்த வசதியை அனுபவித்தவன்தான். அன்றைக்குத்தான் எண்ணினேன்.

முதலாவது, இன்ஷூரன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். பின்வரிசைக்கு அவர்தான் விகடகவி. “பெருசு முன்னாடி ஒரு தூணைக் கொண்டாந்து நட்டுட்டார்ப்பா. எனக்குப் படம் பாதிதான் தெரியுது.”

“லைட்டை அணைச்சதும் ஆளே காணோம்” என்றார் தலைவரின் மனைவி. “பல்லைக் காட்டச் சொல்லுங்க, எங்க இருக்கான்னு பாப்போம்.”

சிரிப்பு. திரையில் ஒரு கறுப்பு நர்ஸ், வேலை முடிந்து வெள்ளையர் தெரு வழியாக நடந்து போகிறாள். போலீஸ்காரன் அவளை நிறுத்திக் கைப்பையை ஒரு கார் மேல் கொட்டச் சொல்கிறான். சீப்பு, சாவி, பாதி தின்ற ரொட்டி. கிளப் ஹவுஸில் அந்த நேரத்தில் கேட்டது சிப்ஸ் பொட்டலங்களின் சத்தம்.

“என்னத்தச் சமைப்பானோ. எதிர்வீட்டுல மீன் பொரிச்சாலே எனக்குத் தலை சுத்தும்” என்றார் தலைவரின் மனைவி.

“சமையல் கெடக்கட்டும், அக்கா. லிஃப்ட்ல நம்ம பொண்ணுங்க இவனோட தனியா மாட்டினா?” என்றார் இன்ஷூரன்ஸ்காரர்.

இளைஞர் என் பக்கம் சாய்ந்தார். “ஐயா, இப்பச் சொல்லிப் போடலாமுங்களா?” காற்றைப் போல மெல்லிய குரல்.

“இன்னுங் கொஞ்சம் பொறுங்க தம்பி.”

திரையில் சீனரின் சலவைக்கடைக் கண்ணாடி உடைந்தது. எங்களுக்குப் பின்னால் தலைவர் தன் மனைவியிடம் சொன்னார்: “நீ ஏன் டென்ஷன் ஆகறே? நான் பாத்துக்கறேன். மராட்டிக்காரங்க ஒத்துக்கலைன்னு பெருசுகிட்ட சொல்லிடறேன். மேட்டர் கதம்.”

அதற்குப் பிறகு படத்தின் ஒரே இந்தியர் வந்தார். மருந்துக்கடைக்காரர். ஒரு வெள்ளைக்காரன் மருந்துச் சீட்டை அவர் முகத்தில் வீசி, உன் ஊருக்குப் போ என்று சொல்லித் துப்புகிறான். அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, அடுத்தவர் யார் என்று கேட்கிறார். அவருக்கு வசனமே அந்த ஒன்றுதான். சிப்ஸ் சத்தம் நின்றது. எங்கேயோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் மட்டும் நான்கு கைக்குட்டைகள் வெளியே வந்திருந்தன. தலைவரின் மனைவி அழுதுகொண்டிருந்தார். நடிப்பு இல்லை, உண்மையான அழுகை.

அந்த அழுகை காய்வதற்குள் இன்ஷூரன்ஸ்காரர் அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். “பொண்டாட்டி வேற வர்றாளாமே? அவளும் இதே கலர்தான இருப்பா. ராத்திரி கரண்ட் போனா ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் எப்படிக் கண்டுபிடிப்பாங்க, தடவித் தடவியா?”

தலைவரின் மனைவி அழுதுகொண்டே சிரித்தார். அது பதினொன்றாவது. அவருடையது ஐந்து, இன்ஷூரன்ஸ்காரருடையது நான்கு, தலைவருடையது இரண்டு. இளைஞர் அதற்குமேல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கையில் இருந்த சமோசாவைக் காகிதத்தில் சுற்றி நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

படம் முடிந்து கறுப்புத் துணிகளை அவிழ்த்தார்கள். வெளிச்சத்தில் எல்லாருடைய கண்ணும் சிவந்து, எல்லாரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள். தலைவரின் மகள் மைக்கை நீட்டினாள். அவளுடைய அம்மா முதலில் பேசினார், ஆங்கிலத்தில். மனிதனை நிறத்தால் எடை போட எப்படித்தான் மனசு வருகிறதோ தெரியவில்லை, இன்று இரவு தூக்கம் வராது என்றார். இன்ஷூரன்ஸ்காரர் நம் நாட்டில் ஆயிரம் குறை இருந்தாலும் இந்தக் குறை இல்லை என்றார். கைதட்டினார்கள்.

சொசைட்டிச் செயலாளர் ஒரு மராட்டியர். அதிகம் பேசாதவர். மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நர்ஸின் பையைக் கொட்டும் காட்சியைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது என்றார். நம் கேட்டில் வீட்டு வேலைக்கு வரும் பெண்களின் பையைத் திறந்து காட்டச் சொல்வது நம்முடைய விதிதானே, அதைக் கொண்டுவந்ததே நான்தானே என்றார். அதற்கு யாரும் கைதட்டவில்லை. பிறகு அவரே விஷயத்துக்கு வந்தார். காகாவின் எதிர்வீட்டுக்கு இவர் வருகிறார் என்று கேள்விப்பட்டேன், “மலா காஹி ஹர்கத் நாஹி.” தனக்கு ஆட்சேபம் இல்லை என்று அர்த்தம்.

தலைவரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். மராட்டிக்காரர்கள் மேல் போடுவதற்கு வைத்திருந்த பழியை ஒரு மராட்டிக்காரரே பறித்துக்கொண்டுவிட்டார். இதுதான் நேரம் என்று நான் எழுந்தேன். விருந்தாளி இப்போது எங்கள் மொழியில் பேசுவார் என்று அறிவித்தேன்.

இளைஞர் எழுந்தார். முன்னால் பார்த்துப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் பின்வரிசையைப் பார்த்துத் திரும்பினார்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. முன்னாடி உக்காந்து மறைச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க. எங்க உக்காந்தாலும் இந்த ஒசரம் இப்படித்தானுங்க.” பிறகு தலைவரின் மனைவியிடம்: “அக்கா, எனக்கு மீனு ஆகாதுங்க. எங்கூட்டுக்காரி ஆசைப்பட்டாச் சமைப்பா. ஜன்னலைச் சாத்திக்கறமுங்க. லிஃப்டு எனக்கு வேண்டாமுங்க, நாலு மாடிதான, படியிலயே ஏறிக்கறேன். உங்க புள்ளைங்க நிம்மதியாப் போலாம். பல்லு...” என்று நிறுத்தி, “இதா இருக்குதுங்க” என்று சிரித்துக் காட்டினார்.

சண்டை போடவில்லை. குத்திக் காட்டவில்லை. வாடகைக்கு வீடு கேட்டு வந்தவன் வீட்டுக்காரரின் நிபந்தனைகளுக்குப் பதில் சொல்வதுபோல் மிச்சத்துக்கும் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். அவருக்கு அந்த வீடு வேண்டியிருந்தது. பதினொன்றில் பத்துக்குப் பதில் வந்தது. மனைவியைப் பற்றிய ஒன்றை மட்டும் அவர் தொடவில்லை.

தமிழ் தெரியாத இருபத்தைந்து பேரும் கைதட்டினார்கள். “அரே வா! மதராஸி போல்தோய்!” என்று, மதராஸி பாஷை பேசுகிறானே என்ற வியப்பில், யாரோ விசில் அடித்தார்கள். ஒரு ஆப்பிரிக்கர் தமிழ் பேசுவது அவர்களுக்குக் கரடி சைக்கிள் ஓட்டுவதுபோல் இருந்தது. பின்வரிசையில் கைகள் மடியிலேயே இருந்தன. நான் முறுக்குக்காகக் காத்திருந்தேன்.

தலைவரின் மனைவிக்கு முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. “தமிழ் தெரியும்னா மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே? பொம்பளைங்க பேசறத இப்படி உக்காந்து ஒட்டுக் கேக்கறதா? என்ன வளர்ப்பு இது?”

“ஒட்டுக் கேக்கலைங்க்கா. காதுல உழுந்துச்சுங்க.”

“பாத்தீங்களா, எதுத்துப் பேசறான்!”

“வெளிநாட்டுக்காரன் நம்ம பாஷையக் கத்துக்கிட்டு, தெரியாத மாதிரி உக்காந்திருக்கான்” என்றார் இன்ஷூரன்ஸ்காரர். “எதுக்கு வந்திருக்கானோ, யாரு அனுப்பினாங்களோ.”

“முப்பது வருஷம் கடன் குடுத்திருக்கேன்” என்றார் தலைவர். “விஷயத்த மறைக்கிறவனுக்கு நான் சாங்ஷன் பண்ணினதே இல்ல.”

முன்வரிசைகளில் கைதட்டல் ஓய்ந்தது. செயலாளர் கேட்டார்: “காய் ஜாலா? என்ன ஆச்சு?” தலைவர் இந்தியில் பதில் சொன்னார்: “எங்கள் பெண்களைப் பார்த்துத் தமிழில் அசிங்கமாகப் பேசிவிட்டான்.”

தலைவரின் மகளுக்கு இரண்டு பக்கமும் புரியும். அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப்பின் வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தாள். மிக நிதானமாகச் சுருட்டினாள்.

“காகா, நீங்கள் சொல்லுங்கள்” என்றார் செயலாளர். “என்ன பேசினார்?”

பொய்க்கு மருந்து முழு விவரம் என்றுதான் என் உத்தியோகம் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அவர் பேசியதை மட்டும் சொன்னால் போதாது; எதற்குப் பதிலாகப் பேசினார் என்பதையும் சொல்ல வேண்டும். நான் மராட்டியில் தொடங்கினேன். விரலை மடக்கி, வரிசைப்படி. ஒன்று, தூண். இரண்டு, பல்.

இரண்டாவதில் சிரிப்பு வந்தது.

முதலில் ஒரு மூலையில், அடக்கிய சிரிப்பு. மூன்றாவதில் மீன். நான்காவதில் லிஃப்ட். மராட்டியில் நான் நன்றாகப் பேசுவேன். வருஷக்கணக்காக அறிக்கை எழுதியவன், ஒரு சொல்லையும் விடமாட்டேன். அதுதான் வினையாயிற்று. தமிழில் சிரிப்பை வரவழைத்தது மராட்டியிலும் அப்படியே வரவழைத்தது. சற்று முன்னால் கைக்குட்டை நனைத்தவர்கள் அதே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மராட்டிக்காரர்கள் மேல் தலைவர் போடப் பார்த்த பழியும் அந்தச் சிரிப்பிலேயே அடித்துக்கொண்டு போயிற்று. செயலாளர் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. பின்வரிசைக்குத் தெம்பு வந்தது. இன்ஷூரன்ஸ்காரர் தன்னுடையது வரும்போதெல்லாம், “அது நான் சொன்னது” என்பதுபோல் கையை லேசாக உயர்த்தினார்.

பத்து விரலும் மடங்கிவிட்டது. பதினொன்றுக்கு மறுபடி கட்டைவிரலிலிருந்து தொடங்க வேண்டும். கட்டைவிரலை மடக்கி, அவருடைய மனைவியைப் பற்றி என்று ஆரம்பித்தேன்.

“போதுமுங்கய்யா.”

குரல் உயரவில்லை. ஆனால் நான் வாக்கியத்தில் பாதியில் இருந்தேன். பாதியில் நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை. முடித்தேன். கரண்ட் போனால், இருட்டில், தடவித் தடவி. கிளப் ஹவுஸ் வெடித்துச் சிரித்தது. இருபத்தைந்து பேரில் சிரிக்காதவர்கள் மூன்று பேர். அதில் ஒருவருக்குக் காது கேட்காது.

இளைஞர் தான் உட்கார்ந்த நாற்காலியை மடக்கிச் சுவரோரம் அடுக்கினார். அடியில் வைத்திருந்த சமோசாப் பொட்டலத்தை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். வாசலில் வாட்ச்மேன் அவரிடம் பையைத் திறந்து காட்டச் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அன்று அவர் பை கொண்டுவந்திருக்கவில்லை. சட்டைப் பையைத்தான் வெளியே இழுத்துக் காட்டியிருக்கிறார்.

கமிட்டி அங்கேயே கூடியது. ஐந்து பேரும் ஒரே முடிவு: என்.ஓ.சி. தருவதில்லை. ஆட்சேபம் இல்லை என்று சொல்லியிருந்த செயலாளரும் கை தூக்கினார். என்னிடம் வந்து தோளைத் தொட்டு, “காகா, இவ்வளவு நடந்த பிறகு இங்கே இருந்தால் அவருக்குத்தான் கஷ்டம். அவருடைய நன்மைக்காகத்தான்” என்றார். தலைவரின் மனைவி சமோசா மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தார். “ராத்திரிக்கு வச்சுக்கோங்க சார். தனியா என்னத்தச் சமைப்பீங்க.” நான்கு சமோசா. வாங்கிக்கொண்டேன். ஒன்று உடைந்திருந்தது.

அன்றைக்கு மாலையே இளைஞருக்குப் போன் செய்தேன். மணி அடித்து நின்றது. மறுபடியும் செய்தேன். அதன் பிறகு மணி அடிக்கவே இல்லை.

எதிர்வீட்டுக்கு இப்போது ஆள் வந்தாகிவிட்டது. தலைவரின் தம்பி மகனும் அவனுடைய மனைவியும். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். என்.ஓ.சி. கமிட்டி கூடாமலேயே வந்தது. நல்ல தமிழ்ப் பிள்ளைகள். இருவரும் காதில் எதையோ செருகிக்கொண்டு நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசுகிறார்கள். வழியில் பார்த்தால், “ஹாய் அங்கிள்” என்பார்கள். ஒருநாள் குளியலறையில், விழாமலேயே, சோதனைக்காகக் கத்திப் பார்த்தேன். “ஐயோ, யாராவது வாங்களேன்” என்று மூன்று முறை. ஜன்னலில் இருந்த இரண்டு புறாக்கள் பறந்து போயின. கீழ்மாடியில் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்கள்.

பின்வரிசைக்காரர்கள் அன்று ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். இப்போது லிஃப்டில் புதிய ஆள் யாராவது ஏறினால், “நீங்க தமிழா?” என்று முதலில் கேட்டுவிடுகிறார்கள். அவர் விழித்தால், நிம்மதியாக ஆரம்பிக்கிறார்கள்.

இளைஞர் கசார்வாடியில், நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு லேத் பட்டறைக்கு மேலே ஒற்றை அறையில் இருப்பதாகப் புரோக்கர் சொன்னார். பகலெல்லாம் இரும்பு அறுக்கும் சத்தமாம். அங்கே யாரும் என்.ஓ.சி. கேட்பதில்லை. போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்; இடுப்பு இடம் கொடுக்கவில்லை.

போன வாரம் ஔந்தில் மருந்துக்கடை வாசலில் பார்த்தேன். உயரத்தால்தான் தூரத்திலிருந்தே தெரிந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி. ஒல்லியான பெண், வயிறு லேசாக மேடிட்டிருந்தது. வாந்திக்கு ஏதோ மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நான் தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் போனேன்.

“தம்பி, நல்லா இருக்கறீங்களா? இவங்கதானுங்களா உங்க ஊட்டுக்காரம்மா?”

அவர் என்னை மரியாதையோடு பார்த்தார். தெரியாத கிழவரைப் பார்க்கும் மரியாதை.

“சாரி அங்கிள்” என்றார் இந்தியில். “எனக்கு இந்தப் பாஷை தெரியாது. இந்தியிலோ இங்கிலீஷிலோ சொல்லுங்கள்.”

எனக்கு இந்தியும் வரும், இங்கிலீஷும் வரும். ஆனால் இரண்டிலும் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் மனைவி பக்கம் குனிந்து அவர்களுடைய மொழியில் என்னமோ சொன்னார். குரலைத் தாழ்த்தவில்லை, என் காதுக்கு நேராகவே சொன்னார். ஏழெட்டுச் சொல் இருக்கும். அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு என் வாயைப் பார்த்தாள். சிரித்தாள்.

எனக்கு மிச்சமிருக்கும் பல் பத்தொன்பது. நான் வாயை மூடிக்கொண்டேன்.